புத்தாக்கமும் டிஜிட்டல்மயமாக்கலும்: ஆய்வுப் பாதையில் காலெடுத்து வைக்கும் பொருளியலாளருக்கு

பொருளியலில் முதுகலை முடித்திருக்கும் ஒருவர், புத்தாக்கத்தையும் டிஜிட்டல்மயமாக்கலையும் தம் ஆய்வுத் துறையாக எடுத்துக்கொள்ள விரும்புவதாகவும், முனைவர் பட்டத்திலிருந்து நிலையான பணி வரையிலான பாதை எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புவதாகவும் எழுதியிருக்கிறார். செயற்கை நுண்ணறிவைப் பற்றி எல்லோரும் எழுதும் காலத்தில் தாமும் அதையே தலைப்பாகக் கொள்ளலாமா, தரவுக்கு எங்கே போவது, பல்கலைக்கழகத்துக்கு வெளியே இந்தப் பயிற்சிக்கு மதிப்பு உண்டா என்பவை அவருடைய குறிப்பான கேள்விகள். இந்தத் துறையில் ஆய்வாளராகவும் நெறியாளராகவும் ஆய்விதழ் மதிப்பீட்டாளராகவும் இருந்து பார்த்தவற்றைக் கொண்டு பதில் எழுதுகிறேன்.

தலைப்பிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பிற்பாடு வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. முனைவர் பட்டத்துக்கு நான்கு முதல் ஆறு ஆண்டுகள் ஆகும். ஆய்வேட்டின் முதன்மைக் கட்டுரை நல்ல ஆய்விதழ் ஒன்றில் வெளிவர அதற்குமேல் இரண்டு மூன்று ஆண்டுகள் பிடிப்பது இயல்பு. ஆகவே, ஆராய்வதற்கு இன்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் தொழில்நுட்பக் கருவியைப் பற்றிய உங்கள் முடிவு அச்சில் வரும்போது அந்தக் கருவிக்கு ஏழெட்டு வயதாகியிருக்கும். அதன் இடத்தில் வேறொன்று வந்திருக்கவும் கூடும். கருவியையே தலைப்பாக்கிக்கொண்டவரின் கட்டுரை அதற்குள் பழசாகிவிடுகிறது. கருவியை ஒரு நெடுநாள் கேள்விக்குச் சான்றாகக் கொண்டவரின் கட்டுரையைப் பிறகு வருபவர்களும் தேடிப் படிக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவை எடுத்துக்கொள்ளலாமா என்றால், தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் உங்கள் ஆய்வுத் திட்டத்திலிருந்து அந்தச் சொல்லை நீக்கிவிட்டுப் படித்தாலும் அங்கே ஒரு பொருளியல் கேள்வி மிஞ்சி நிற்க வேண்டும்.

அப்படிப்பட்ட கேள்வி எப்படி இருக்கும் என்பதற்கு இந்தத் துறையின் வரலாற்றிலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. ராபர்ட் சோலோ 1957ஆம் ஆண்டுக் கட்டுரையில், அமெரிக்காவில் 1909 முதல் 1949 வரை ஒரு மணி நேர உழைப்பின் உற்பத்தி ஏறத்தாழ இரு மடங்கானதில் எட்டில் ஏழு பங்கை மூலதனப் பெருக்கத்தால் விளக்க முடியவில்லை என்று காட்டினார். அந்த விளங்காத பகுதியைத் தொழில்நுட்ப மாற்றம் என்று அழைத்தார்கள். முப்பது ஆண்டுகள் கழித்து 1987இல் அதே சோலோ, கணினி யுகம் எங்கும் தென்படுகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரங்களில் மட்டும் தென்படவில்லை என்று எழுதினார். இந்தப் புதிருக்கு 1990இல் பால் டேவிட் தந்த விடை கணினியைப் பற்றியதே இல்லை, மின்சாரத்தைப் பற்றியது. எடிசனின் மின்நிலையங்கள் 1882இலேயே இயங்கத் தொடங்கிவிட்டன. ஆனால் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் உற்பத்தித்திறனில் அதன் பலன் பெரிய அளவில் தெரிந்தது 1920களில்தான். நீராவி எந்திரம் இருந்த காலத்தில், கூரையோடு ஓடும் ஒரு நீண்ட சுழல்தண்டிலிருந்து தோல் பட்டைகள் வழியாக எல்லா இயந்திரங்களுக்கும் விசை போனது. மின்மோட்டார் வந்ததும் பலர் நீராவி எந்திரத்தை மட்டும் கழற்றிவிட்டு, அதே தண்டைச் சுற்ற அந்த மோட்டாரைப் பொருத்திக்கொண்டார்கள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் தனி மோட்டார் வைத்து, அடுக்குமாடிக் கட்டடத்தை விட்டு ஒரே தளத்தில் வேலை ஓடும் வரிசைப்படி இயந்திரங்களை நிறுத்தி வைக்கலாம் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு தலைமுறை ஆயிற்று.

எரிக் பிரின்யோல்ஃப்சனும் டேனியல் ராக்கும் சாட் சைவர்சனும் 2021இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கேள்வியையே இன்றைய தொழில்நுட்பங்களுக்குக் கொண்டுவருகிறது. புதிய தொழில்நுட்பத்தோடு சேர்த்து ஒரு நிறுவனம் பயிற்சியிலும் வேலைமுறை மாற்றத்திலும் மென்பொருளிலும் போடும் பணம் கணக்கேட்டில் முதலீடாகப் பதிவாவதில்லை. ஆகவே அளக்கப்படும் உற்பத்தித்திறன் முதலில் உண்மையைவிடக் குறைவாகவும், பின்னர் உண்மையைவிட மிகையாகவும் தெரிகிறது என்பது அவர்கள் வாதம். நீராவி, மின்சாரம், கணினி, செயற்கை நுண்ணறிவு என்று சான்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. பலன் ஏன் தாமதமாகிறது, அந்த இடைவெளியில் நிறுவனத்துக்குள் என்ன நடக்கிறது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. இதைப் போன்ற ஒன்றை உங்களுக்கென்று பிடித்துக்கொள்ளுங்கள்.

படிக்க வேண்டியவற்றை நீட்டி எழுதப்போவதில்லை. புதிய அறிவில் சந்தை ஏன் போதிய அளவு முதலிடாது என்பதற்குக் கென்னத் ஆரோவின் 1962ஆம் ஆண்டுக் கட்டுரை, ஒரு புதுமை ஏன் ஓரிடத்தில் விரைந்தும் வேறிடத்தில் தாமதித்தும் பரவுகிறது என்பதற்கு ஸ்வி கிரிலிச்சஸ் கலப்பின மக்காச்சோளத்தைப் பற்றி 1957இல் எழுதியது, புதியது வந்து பழையதை அகற்றுவதே வளர்ச்சி என்னும், ‘ஆக்கபூர்வ அழிவு’ என்ற ஷும்பீட்டரின் கருத்தை வளர்ச்சிக் கோட்பாடாக்கிய அகியோன், ஹோவிட் இருவரின் 1992ஆம் ஆண்டுக் கட்டுரை ஆகியவற்றோடு, டிஜிட்டல் பொருளியலுக்கு அவி கோல்ட்ஃபார்ப், கேத்தரின் டக்கர் ஆகியோர் 2019இல் எழுதிய தொகுப்பாய்வையும் படித்துவிட்டால் முதல் ஆண்டுக்குப் போதும். தேடல், படியெடுத்தல், கொண்டுசேர்த்தல், கண்காணித்தல், சரிபார்த்தல் ஆகிய ஐந்து செலவுகள் குறைவதாகவே டிஜிட்டல்மயமாக்கலை அவர்கள் பார்க்கிறார்கள். இந்தப் பகுப்பு தலைப்பைக் கூர்மையாக்க மிகவும் உதவும்: நீங்கள் ஆராயும் தொழில்நுட்பம் இவற்றில் எந்தச் செலவைக் குறைக்கிறது என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் தலைப்பு இன்னும் முதிரவில்லை. 2025ஆம் ஆண்டுப் பொருளியல் நோபல் பரிசு ஜோயல் மோகிருக்கும் அகியோன், ஹோவிட் இருவருக்கும் கிடைத்தபின் இந்தத் துறைக்கு வரும் மாணவர்கள் பெருகக்கூடும். அந்த நெரிசலில் உங்களைத் தனித்துக் காட்டப்போவது அடுத்து நான் சொல்ல வரும் தரவு அறிவுதான்.

புத்தாக்கத்தை நேரடியாக அளக்க முடியாது. ஆய்வு, மேம்பாட்டுச் செலவையும் காப்புரிமையையும் கணக்கெடுப்பு விடைகளையும் வைத்துத்தான் அதை மறைமுகமாக அளக்கிறோம். ஒவ்வோர் அளவுகோலும் தனக்கே உரிய முறையில் ஏமாற்றும். எது எங்கே ஏமாற்றும் என்று தெரிந்துவைத்திருப்பதுதான் இந்தத் துறையின் தொழில் அறிவு. காப்புரிமையை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் ஆண்டுக்கு இருமுறை வெளியிடும் பாட்ஸ்டாட் தரவுத்தளத்தில் ஒரு பதிவைத் திறந்தால், முதன்முதலில் விண்ணப்பித்த தேதி, இந்த அலுவலகத்தில் விண்ணப்பித்த தேதி, வெளியான தேதி, வழங்கப்பட்ட தேதி என்று நான்கு தேதிகள் இருக்கும். கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலத்துக்கு மிக அருகில் இருப்பது முதலாவது. ஆனால் அவசரத்தில் கடைசித் தேதியை எடுத்துக்கொண்டு ஆண்டுவாரியாக எண்ணிவிட்ட கட்டுரைகள் மதிப்பீட்டுக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. விண்ணப்பம் பொதுவில் வெளியாகப் பொதுவாக 18 மாதங்கள் ஆகும். அதன்பின் பிற காப்புரிமைகள் அதை மேற்கோள் காட்டப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே வரைபடத்தின் வலது ஓரம் எப்போதும் சரிந்தே தெரியும். புத்தாக்கத்தின் தரம் அண்மையில் வீழ்ந்துவிட்டது என்று அந்தச் சரிவைப் படித்து மகிழ்ந்த மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன். தரவு முடிகிற இடத்தில் கோடு இறங்குகிறது, அவ்வளவுதான்.

மேற்கோள்களிலும் ஒரு பொறி இருக்கிறது. அவற்றில் கணிசமானவற்றைச் சேர்ப்பவர் கண்டுபிடிப்பாளர் இல்லை, காப்புரிமைப் பரிசோதகர். கண்டுபிடிப்பாளர் கேள்வியே பட்டிராத ஒரு பழைய காப்புரிமையைப் பரிசோதகர் சேர்த்திருந்தால், அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு அறிவு பாய்ந்ததற்கான தடயமாகக் கொள்வதில் கவனம் வேண்டும். இவ்வளவு குறைகள் இருந்தும், ஹால், ஜாஃபே, டிராட்டன்பர்க் மூவரும் 1963 முதல் 1999 வரை வழங்கப்பட்ட ஏறத்தாழ 30 லட்சம் அமெரிக்கக் காப்புரிமைகளை மேற்கோள்களோடு சேர்த்து 2001இல் எல்லோருக்கும் திறந்துவிட்டது இந்தத் துறையின் போக்கையே மாற்றியது. தரவை ஒழுங்குபடுத்திப் பொதுவில் வைப்பது ஆய்வாளர் ஒருவரின் மிகப் பெரிய பங்களிப்பாக இருக்க முடியும் என்பதை இளையவர்கள் குறைத்து மதிப்பிடக் கூடாது.

என் இரண்டாம் ஆண்டில் எட்டு மாதங்கள், காப்புரிமைப் பதிவேட்டில் உள்ள நிறுவனப் பெயர்களை நிதிநிலைத் தரவில் உள்ள பெயர்களோடு பொருத்துவதிலேயே போயின. ஒரே நிறுவனம் ஓரிடத்தில் முழுப்பெயரோடும், ஓரிடத்தில் சுருக்கத்தோடும், ஓரிடத்தில் எழுத்துப்பிழையோடும், ஓரிடத்தில் கைமாறுவதற்கு முந்தைய பெயரோடும் இருந்தது. நிரல் பொருத்தித் தந்தவற்றில் முந்நூறை எடுத்து ஒவ்வொன்றாகக் கையால் சரிபார்த்தபோதுதான், பெயர் ஒத்துப்போனதாலேயே இரு வேறு நிறுவனங்களை ஒன்றாக்கியிருந்தது தெரிந்தது. அந்த எட்டு மாதங்கள் வீண் என்று அப்போது தோன்றியது. பின்னர் என் முதன்மைக் கட்டுரைக்கு வந்த கடினமான மதிப்புரை ஒன்றுக்கு, அந்த முந்நூறு வரிகளைக் கொண்டுதான் பதில் எழுத முடிந்தது.

கணக்கெடுப்புகளின் கதை வேறு. ஆய்வு, மேம்பாட்டை அளக்க 1963இல் உருவான ஃபிராஸ்காட்டி கையேடும், புத்தாக்கத்தை அளக்க 1992இல் உருவாகி 2018இல் நான்காம் பதிப்பு கண்ட ஆஸ்லோ கையேடும் இவற்றின் அடித்தளம். கடந்த மூன்று ஆண்டுகளில் புதிய அல்லது மேம்பட்ட பொருளைச் சந்தைக்குக் கொண்டுவந்தீர்களா, குறிப்பிட்ட மென்பொருளைப் பயன்படுத்துகிறீர்களா என்று கேட்டு, ஆம் அல்லது இல்லை என்ற விடையை வாங்குவார்கள். அந்த ‘ஆம்’ என்ன சொல்கிறது என்பது எனக்கு ஒரு தொழிற்கூடத்தில்தான் புரிந்தது. உற்பத்தித் திட்ட மென்பொருள் உண்டு என்று கணக்கெடுப்பில் எழுதிய நிறுவனம் அது. இயந்திரங்களுக்கு இடையே ஒரு தூணில் தொடுதிரை மாட்டியிருந்தது. அதன்மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் கலையாமல் படிந்திருந்தது. மேற்பார்வையாளர் இடுக்கில் வைத்திருந்த நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுத்து, முடிந்த உருப்படிகளைப் பென்சிலால் குறித்துக்கொண்டார். மாலையில் அலுவலகத்தில் ஒருவர் அந்த நோட்டைப் பார்த்து எல்லாவற்றையும் கணினியில் ஏற்றினார். என் தரவில் அந்த நிறுவனத்துக்கு நேரே 1, அதாவது ‘ஆம்’, என்று இருந்தது. மென்பொருளை வாங்குவதும் அதைக் கொண்டு வேலை செய்யும் முறையை மாற்றுவதும் தனித்தனி நிகழ்ச்சிகள் என்று நூறு கட்டுரைகளில் படித்திருந்தும், அந்தத் திரையைப் பார்த்தபிறகுதான் என் சமன்பாட்டில் நான் எதை அளந்துகொண்டிருந்தேன் என்று தெரிந்தது. புளூம், சதூன், வான் ரீனன் ஆகியோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பெரிய அளவில் காட்டுகிறது: ஐரோப்பாவில் உள்ள அமெரிக்க உரிமை நிறுவனங்கள் தகவல் தொழில்நுட்பத்திலிருந்து மற்றவர்களைவிட அதிகப் பலன் பெற்றன, அதற்கு அவற்றின் ஆள் மேலாண்மை முறையே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. ஆய்வேடு முடிவதற்குள் நான்கைந்து நிறுவனங்களுக்காவது நேரில் போய் வாருங்கள். பொருளியல் துறைகளில் இதை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், நான் வற்புறுத்துகிறேன்.

காரண விளைவை நிறுவுவது அடுத்த கடினம். நன்றாக நடக்கும் நிறுவனங்கள்தாம் புதிய தொழில்நுட்பத்தை முதலில் வாங்குகின்றன என்பதால், வாங்கியவற்றையும் வாங்காதவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து எதுவும் சொல்லிவிட முடியாது. ராபர்ட் ஜென்சன் 2007இல் கேரள மீனவர்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வை மாணவர்களுக்கு நான் முதலில் தருவது இதனால்தான். 1997க்கும் 2001க்கும் இடையே அந்தக் கடற்கரையில் கைப்பேசிச் சேவை பகுதி பகுதியாக வந்தது. அதற்கு முன் ஒரு மீன் இறங்குதுறையில் வாங்க ஆளில்லாமல் மத்தியைக் கொட்டிக்கொண்டிருக்கையில், சற்றுத் தள்ளி இன்னொரு துறையில் மீன் கிடைக்காமல் வியாபாரிகள் திரும்பிக்கொண்டிருந்தார்கள். கைப்பேசி வந்ததும் படகிலிருந்தே விலை கேட்டு எந்தத் துறைக்குப் போவது என்று முடிவு செய்ய முடிந்தது. விலை வேறுபாடு சுருங்கியது, வீணாவது நின்றது, மீனவர் லாபம் சராசரியாக 8 விழுக்காடு கூடியது, நுகர்வோர் விலை 4 விழுக்காடு குறைந்தது. சேவை வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு காலத்தில் வந்ததே அங்கே சோதனைக்கூடமாக அமைந்தது. வாடிக்கையாளர் சேவையில் ஆக்கமுறைச் செயற்கை நுண்ணறிவின் விளைவைப் பற்றிய பிரின்யோல்ஃப்சன், லீ, ரேமண்ட் ஆகியோரின் 2025ஆம் ஆண்டுக் கட்டுரையும் இதே வழியில் போகிறது: 5,000க்கும் மேற்பட்ட பணியாளர்களுக்கு அந்தக் கருவி படிப்படியாகக் கொடுக்கப்பட்டதைப் பயன்படுத்தி, உற்பத்தித்திறன் சராசரியாக ஏறத்தாழ 15 விழுக்காடு உயர்ந்ததையும், அனுபவம் குறைந்தவர்களுக்கே பலன் அதிகம் என்பதையும் காட்டினார்கள். ஒன்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்: இப்படிக் கட்டம் கட்டமாக வரும் மாற்றங்களுக்கு, முன்னும் பின்னும் ஏற்பட்ட வேறுபாட்டை இரு குழுக்களுக்கிடையே ஒப்பிடும் பழைய மதிப்பீட்டு முறையை அப்படியே பயன்படுத்தினால் விடை பிறழும் என்பதைக் குட்மன்-பேக்கன், கேலவே, சான்ட்-அன்னா ஆகியோரின் 2021ஆம் ஆண்டுக் கட்டுரைகள் காட்டிவிட்டன. அவற்றைப் படிக்காமல் எழுதப்பட்ட ஆய்வை எந்த மதிப்பீட்டாளரும் இன்று ஏற்க மாட்டார்.

தரவின் மூலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2024இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு ஓர் ஆய்வுக்கூடத்தின் கண்டுபிடிப்புகளை எவ்வளவு பெருக்கியது என்று ஒரு முனைவர் பட்ட மாணவர் எழுதிய, இதழில் இன்னும் வெளிவராத முன்வரைவுக் கட்டுரை உலகெங்கும் பாராட்டப்பட்டது. 2025 மே மாதத்தில், அந்தத் தரவின் நம்பகத்தன்மையில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று அவருடைய பல்கலைக்கழகமே அறிவித்தது. அதற்குப் பிறகு, ஒரே நிறுவனத்திடமிருந்து கிடைத்த தரவோடு வரும் இளம் ஆய்வாளரிடம் கேள்விகள் கூடியிருக்கின்றன, அது நியாயமும்கூட. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம், தரவு கைக்கு வந்த நாள், வந்த கோப்பு, அதில் நீங்கள் செய்த ஒவ்வொரு மாற்றத்துக்குமான நிரல் ஆகியவற்றை முதல் நாளிலிருந்தே பத்திரப்படுத்துங்கள். முடிவு என்னவாக இருந்தாலும் வெளியிடும் உரிமை உங்களுக்கு உண்டு என்ற ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். அந்த வரி இல்லாததால் ஆய்வேட்டின் ஓர் அத்தியாயத்தையே இழந்த மாணவி ஒருவரை நான் அறிவேன்.

எங்கே சேர்வது என்பதில் மூன்று வகை வீடுகள் இருக்கின்றன: பொருளியல் துறை, மேலாண்மைப் பள்ளி, புத்தாக்க ஆய்வுக்கென்றே அமைந்த நிறுவனம். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1966இல் கிறிஸ்டோஃபர் ஃப்ரீமன் தொடங்கிய ஸ்புரு, மாஸ்ட்ரிக்டில் உள்ள ஐ.நா. பல்கலைக்கழகத்தின் மெரிட் ஆகியவை மூன்றாம் வகை. மான்ஹைமில் உள்ள இசட்.இ.டபிள்யூ. போன்ற பொருளியல் ஆய்வு மையங்களில் புத்தாக்கத்துக்கும் டிஜிட்டல் பொருளியலுக்கும் தனித்தனி ஆய்வுப் பிரிவுகளே உள்ளன. எந்த வீட்டில் வளர்கிறீர்களோ அந்த வீட்டின் மொழியும் மதிப்பீட்டு வழக்கமும் உங்களோடு வரும். ஃப்ரீமன் தொடங்கிவைத்த ‘ரிசர்ச் பாலிசி’ புத்தாக்க ஆய்வில் தலைசிறந்த இதழ். ஆனால் சில பொருளியல் துறைகளின் தேர்வுக் குழுவில் அதைப் பொருளியல் இதழாகவே எண்ண மாட்டார்கள். எது சரி என்று வாதாடுவதைவிட, பத்தாண்டுகள் கழித்து எந்தக் குழு உங்கள் விண்ணப்பத்தைப் படிக்க வேண்டும் என்று இப்போதே யோசித்து, ஆய்வேட்டின் மூன்று கட்டுரைகளில் குறைந்தது ஒன்றையாவது அந்தக் குழுவின் மொழியில் எழுதுங்கள். என் சொந்தச் சாய்வு, பயிற்சியைப் பொருளியல் துறையில் பெற்றுக்கொண்டு, உரையாடலைப் புத்தாக்க ஆய்வாளர்களோடு வைத்துக்கொள்வது.

நிராகரிப்பைப் பற்றிக் கணக்காகவே சொல்கிறேன். பொருளியலின் முதல் ஐந்து இதழ்களில் ஏற்கப்படும் கட்டுரைகளின் விகிதம் ஏறத்தாழ 15 விழுக்காட்டிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்ததையும், 1970களோடு ஒப்பிட்டால் கட்டுரைகள் மூன்று மடங்கு நீண்டுவிட்டதையும் கார்டும் டெல்லாவிக்னாவும் 2013இல் காட்டினார்கள். ஆக, ஒரு நல்ல கட்டுரை மூன்று நான்கு இதழ்களைச் சுற்றிவிட்டு இடம் பிடிப்பது வழக்கமான வாழ்க்கைதான். வேலை தேடும் பருவமும் வரையறுத்த ஒன்று: இலையுதிர் காலத்தில் விளம்பரங்கள், டிசம்பர், ஜனவரியில் நேர்காணல்கள், அதன்பின் நேரில் அழைத்துக் கருத்தரங்க உரை. அதற்கு ஓராண்டு முன்பே, நீங்கள் தனியாக எழுதிய ஒரு முதன்மைக் கட்டுரை பல கருத்தரங்குகளில் அடிபட்டு முதிர்ந்திருக்க வேண்டும். டென்மார்க்கை மையமாகக் கொண்ட டிரூயிட் மாநாடும், ஷும்பீட்டர் சங்கத்தின் ஈராண்டு மாநாடும் இளையவர்களைச் செவிகொடுத்துக் கேட்கும் இடங்கள்.

பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வுப் பணியை ஒப்புக்கொள்ளும்போது ஊதியத்தைவிட ஒரு கேள்வியை அழுத்திக் கேளுங்கள்: வாரத்தில் எத்தனை நாள் உங்கள் சொந்தக் கட்டுரைகளுக்கு? வெளிநிதியில் ஓடும் திட்டங்களில் இடைக்கால அறிக்கை, இறுதி அறிக்கை, நிதியளித்தவருக்கு விளக்கவுரை என்று இரண்டு ஆண்டுகள் கரைந்துவிடும். அறிக்கைகளை எந்தத் தேர்வுக் குழுவும் எண்ணுவதில்லை. இரண்டு நாள் என்றாலும் அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பல்கலைக்கழகத்துக்கு வெளியே மதிப்பு உண்டா என்ற கேள்விக்கு, உண்டு என்று தயக்கமில்லாமல் சொல்வேன். உலக அறிவுசார் சொத்துரிமை நிறுவனம், பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சிக்கான அமைப்பு, மைய வங்கிகள், போட்டி ஒழுங்குமுறை ஆணையங்கள், பெரிய இணையத் தள நிறுவனங்கள் எல்லாம் இந்தப் பயிற்சி பெற்றவர்களை எடுக்கின்றன. அங்கே கேட்கப்படுவதும் நான் மேலே சொன்ன அதே திறமைதான்: ஓர் எண் எங்கிருந்து வந்தது, எதை அளக்கிறது, எங்கே அளக்கத் தவறுகிறது என்று சொல்லத் தெரிவது.

உடனடியாகச் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. நிறுவன அளவிலான அரசுப் புள்ளிவிவரத் தரவுக்கு அனுமதி கிடைக்கப் பல மாதங்கள் ஆகும். பாதுகாக்கப்பட்ட அறையில் அமர்ந்துதான் அதில் வேலை செய்ய முடியும், அட்டவணைகளைக்கூட அவர்கள் சரிபார்த்த பிறகே வெளியே தருவார்கள். நெறியாளர் உறுதியானதும் முதல் பருவத்திலேயே அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள். அனுமதி வரும் வரை, உங்களைக் கவர்ந்த வெளியான கட்டுரை ஒன்றை எடுத்து, அதன் ஆசிரியர்கள் பொதுவில் வைத்திருக்கும் தரவையும் நிரலையும் கொண்டு முதல் அட்டவணையிலிருந்து ஒவ்வோர் எண்ணாக மீண்டும் வரவழைத்துப் பாருங்கள்.